மீன்கொத்திக்கு நீலம்

மூன்று மணிக்கு மங்கையர்க்கரசி சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியாலும் துடைத்து, பரீட்சை அட்டையில் அன்றைய படத்தைச் செருகிக் கணவர் முன்னால் வைத்தாள். மீன்கொத்தி. குளத்தின் மேல் நீண்டிருக்கும் ஒரு கிளை, அதில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் பறவை, கீழே தாமரை இலைகள், எல்லாம் வெறும் கோடுகள். பெனிட்டா காலையில் போனில் அனுப்பியதைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து வந்திருந்தாள். இருபத்துநாலு கலர் பென்சில்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டிச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது, மடங்காத விரல்களுக்குப் பிடிக்க வாகாக. திருஞானம் கை வைத்த நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் தமிழ் வாத்தியார், அதில் கடைசிப் பதினொரு வருஷம் தலைமையாசிரியர், ஓய்வு பெற்று ஒன்பது வருஷம், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து நாலு மாசம். வாரத்தில் மூன்று நாள் பெனிட்டா வீட்டுக்கே வந்து கையையும் காலையும் நீட்டி மடக்கிவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் மூன்றிலிருந்து நான்கு வரை கலர் போட வேண்டும், வலது கையால், முடிந்த மட்டும். நான்கு மணிக்கு அவளே வீடியோவில் கூப்பிட்டுப் பார்ப்பாள். "நீங்க பக்கத்துலயே சும்மா உட்காந்திருங்கம்மா, வேற வேலை எதுவும் பார்க்காதீங்க. அதுவே சாருக்குத் தெம்பா இருக்கும்" என்று சொல்லியிருந்தாள். சும்மா. அந்தச் சொல்லை அந்தப் பெண் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் என்று மங்கை அன்றைக்கும் நினைத்தாள். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் சும்மா உட்கார் என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் ஒரு பிசியோதெரபிக்காரப் பெண், அதுவும் இன்னொருத்தருக்கு மருந்தாக. முதல் நாள் பூண்டு உரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பூண்டு வாசனை அவருக்கு ஆகவில்லை, முகத்தைச் சுளித்தார். அதற்கப்புறம் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்காரப் பழகினாள். கைகளுக்குத்தான் பழகவில்லை. அவை மடியில் கிடந்து ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டிருந்தன, புடவை முந்தானையின் நூலைப் பிரித்தன, யாரோ கொண்டுவந்து கட்டிப்போட்ட இரண்டு ஆட்டுக்குட்டிகள் மாதிரி.

அவர் நீலத்தை எடுக்கவில்லை, பழுப்பை எடுத்தார், கிளையிலிருந்து தொடங்கினார். எப்போதும் அப்படித்தான், சுலபமானதில் தொடங்கி மார்க் வாங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். கோடு கிளையில் தொடங்கி, கிளையை விட்டு, குளத்தைத் தாண்டி, அட்டையின் இரும்புக் கிளிப் வரை போய் நின்றது. ஒன்றும் சொல்லக் கூடாது. சொன்னால் சோர்ந்துவிடுவார். நல்லாருக்கு என்று சொல்ல வேண்டும். "நல்லாருக்கு" என்றாள். போன வாரம் கிளி போட்டார், கிளிக்குள் பச்சை இருந்ததை விட வெளியே இருந்தது அதிகம், அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டபோது புனேயிலிருந்து கயல் உடனே கைதட்டுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள், அப்பா உங்களுக்குள்ள ஒரு ஆர்ட்டிஸ்ட் இருந்திருக்காரு பாருங்க என்று எழுதினாள். மங்கை அதை அவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அதற்கு முந்தின வாரம் பெனிட்டா ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், செலவில்லாமல் பொழுதைப் போக்க, மனசை லேசாக்க என்று தலைப்பு, அதையும் அவள்தான் அவருக்குப் படித்தாள், சத்தமாக, நிறுத்தி நிறுத்தி. பழைய பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டலாம். காலி பாட்டிலில் செடி வளர்க்கலாம். வயர்க்கூடை பின்னலாம். தினம் நாலு வரி ஏதாவது எழுதலாம். படிக்கப் படிக்க அவள் குரல் ஏதோ திருட்டுப் பொருள் பட்டியலை வாசிக்கிற மாதிரி தாழ்ந்துகொண்டே போனது. வயர்க்கூடை அவள் கல்யாணத்துக்கு முன்னால் பதினேழு பின்னியிருக்கிறாள், பதினெட்டாவது பாதியில் இருக்கும்போது கல்யாணம், அந்தப் பாதிக் கூடையோடுதான் இந்த ஆளின் வீட்டுக்குள் வந்தாள். மணிபிளாண்ட் வைத்த பாட்டிலை அவர் ஜன்னலிலிருந்து எடுத்து வைத்தார், கொசு வரும் என்றார். ரேடியோவுக்கு அவள் அஞ்சலட்டை எழுதினாள், தன் பெயர் காற்றில் வந்தபோது அடுப்படியில் நின்று கேட்டாள், ஊர் பூரா நம்ம வீட்டு விலாசம் தெரியணுமா என்று கேட்டார். கத்தினதில்லை. அவர் எதற்கும் கத்தினதில்லை. வெட்டி வேலை என்று சொல்வார், அது அவருக்கு ஒரு பிரிவின் பெயர், வினைச்சொல் பெயர்ச்சொல் மாதிரி. அவருக்கும் ஓய்வு நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் குறுக்கெழுத்து போடுவார், இரண்டு தடவை காப்பி கேட்பார், யாரும் பேசக் கூடாது. அது மூளைக்குப் பயிற்சி. இப்போது மருத்துவமே வந்து வாசலில் நின்று வெட்டுங்கள் ஒட்டுங்கள் என்கிறது, தாள் அச்சடித்துக் கொடுக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இடது கையை அசைத்தார், அதெல்லாம் வேண்டாம் என்று. கலர் மட்டும் போதும் என்று.

வெட்டி ஒட்டுவது என்றதும்தான் அவளுக்கு அந்தப் பதிவேடு. நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள், ஆனால் சும்மா உட்காருகிற கைகளுக்கு முன்னால் எதையும் நினைக்காமல் எப்படி இருப்பது. கயலுக்கு ஏழு வயசு இருக்கும். வெந்நீர் பாய்லரில் போட்டு எரிக்க அவர் பள்ளிக்கூடத்திலிருந்து பழைய தாள் கட்டு ஒன்று கொண்டுவந்தார், அதன் நடுவில் எழுதாத வருகைப் பதிவேடு, நீளமாக, கட்டம் கட்டமாக, முப்பத்தொரு நாளுக்கும் கட்டம். அதை மட்டும் அவள் உருவி எடுத்துக்கொண்டாள். வீட்டில் கல்யாணப் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை, வாத்தியாருக்கு ஊரில் எல்லாரும் வைப்பார்கள். தங்கக்கலர் ஓரம், மாங்காய், வாழைமரம், பட்டுச்சேலைக் கலரில் பளபளக்கிற அட்டை. கத்தரித்து, மைதா காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்ட பசையால் ஒட்டினாள். பிள்ளையாரை மட்டும் வெட்ட மாட்டாள், பாவம் என்று பயம், பிள்ளையார்களை எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில் சேர்த்துவைத்தாள், கடைசியில் ஒரு பை நிறையப் பிள்ளையார். மத்தியானம் இரண்டரையிலிருந்து கயல் வருகிற வரைக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு தெரு. இல்லாத ஊர் ஒன்றின் தெருக்கள். வாழைமரம் வெட்டினால் அரண்மனைக் கதவு, மாங்காயைத் திருப்பிப் போட்டால் படகு. அடியில் கட்டங்களுக்குள்ளே எழுதுவாள், கட்டத்துக்கு ஒரு சொல்லாக. இந்தத் தெருவில் யாரும் ஒன்பது மணிக்கு முன்னால் சமைக்க மாட்டார்கள். இங்கே ஆறு ஓடாது, களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். இந்த வீட்டுக்காரிக்குத் தினமும் கடிதம் வரும், அவள் எல்லாவற்றுக்கும் பதில் போடுவதில்லை. எழுதிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். பத்தொன்பது தெரு ஆயிற்று. அந்த ஊரில் அவளுக்கு எல்லா வழியும் தெரியும். இத்தனை வருஷம் குடியிருந்தும் இந்தக் கருமண்டபத்தில் எந்தச் சந்து எங்கே போகிறது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது, அந்த ஊரில் யோசிக்க வேண்டாம்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள், அறிவியல் வாத்தியார், பி.டி. வாத்தியார், தையல் டீச்சர் ஒரு அம்மா. அவள் அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெங்காயமா வாழைக்காயா என்று கேட்க எட்டிப் பார்த்தாள். பதிவேடு அவர் மடியில் விரிந்திருந்தது, கையில் சிவப்புப் பேனா. திருத்திக்கொண்டிருந்தார். விளையாட்டாகத்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டேதான் செய்தார், ஆனால் கை பழகின கை, வேகமாகப் போனது, இங்கே ஒற்று மிகும், அங்கே மிகாது, ஆறு உட்கார்ந்திருக்கும் என்பதை அடித்துப் பொருட்பிழை என்று எழுதினார். ஒவ்வொரு தெருவிலும் சிவப்பு. கடைசிப் பக்கத்தில் நூற்றுக்கு முப்பத்துநாலு. "ஒரே மார்க்குல போச்சே சார்" என்று பி.டி. வாத்தியார் சொல்ல, அதற்கு இன்னொரு சிரிப்பு. தையல் டீச்சர் மட்டும், "நல்லாத்தானே சார் பண்ணிருக்காங்க" என்றாள். "நல்லா இல்லேன்னு நான் சொல்லலியே டீச்சர்," என்றார் அவர். "தப்பு இருக்குங்கறேன். அவ்வளவுதான்." அவ்வளவுதான். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, அவள் உள்ளே போய் அடுத்த ஈடு போட்டாள். அழவில்லை. சண்டை போடவில்லை. அடித்திருந்தால் சொல்வதற்கு ஒன்று இருந்திருக்கும். அம்மாவிடம் போய் என்ன சொல்வது, என் புருஷன் எனக்கு ஒற்றுப்பிழை திருத்தினார் என்றா. அடுத்த வாரம் மைதா காய்ச்சவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. இந்த வீட்டுக்குக் குடி வந்தபோது அடுப்படி அலமாரியில் விரிக்கத் தாள் போதவில்லை, அவளே அந்தப் பதிவேட்டைக் கிழித்துத் தட்டுக்குத் தட்டு விரித்தாள், படம் கீழே பார்க்க, வெறும் பக்கம் மேலே பார்க்க, அதன் மேல் பருப்பு டப்பா, சீரக டப்பா, எண்ணெய்த் தூக்கு. யாரும் சொல்லவில்லை. அவளேதான் விரித்தாள். அதற்குத்தான் அவளால் வேறு யாரையும் திட்ட முடியவில்லை.

"நல்லாருக்கு" என்றாள் மறுபடி, அவர் நிமிர்ந்து பார்த்ததால். கிளை முடிந்து தாமரை இலைக்கு வந்திருந்தார். பழுப்பு இலை. சொல்லக் கூடாது. அவருடைய கட்டைவிரல் பென்சிலை அழுத்துவதைப் பார்த்தாள். போன வாரம் அழுத்தவில்லை. போன வாரம் பென்சில் விரல்களுக்கு நடுவே சும்மா கிடந்தது, கையையே தோளிலிருந்து தள்ளித்தான் கோடு போட்டார். இன்றைக்குக் கட்டைவிரல் தானாக வளைகிறது. வந்துகொண்டிருக்கிறது. ஆறு மாசத்தில் கை வந்துடும், விடாம பண்ணினா முக்கால்வாசி வந்துடும் என்று பெனிட்டா சொன்னபோது, கடவுளே என்று கை கூப்பினாள். அந்தக் கை வந்தால் சொடக்கும் வரும். இரண்டு விரலைச் சொடுக்கினால் காப்பி, ஒரு தடவை சொடுக்கிக் கதவைக் காட்டினால் யாரோ வந்திருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை சொடுக்கினால் போதும் நிறுத்து. நாலு மாசமாக அந்தச் சத்தம் வீட்டில் இல்லை. இல்லாததைக் கவனிக்கவே அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று, என்னவோ நின்றுவிட்ட மாதிரி, ஃபேன் நின்ற மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள், பிறகுதான் தெரிந்தது. இதை நினைக்கிறவள் எப்படிப்பட்ட பொம்பளை. அவருக்கு மலம் அள்ளுகிறாள், சவரம் செய்துவிடுகிறாள், இரவு மூன்று தடவை புரட்டிப் படுக்க வைக்கிறாள், அதையெல்லாம் செய்துகொண்டே, கை வரக் கூடாது என்று. வரக் கூடாது என்று இல்லை. மெதுவாக வரட்டும் என்று. அது வேறு இது வேறா. பாலும் அப்படித்தான். அதை நினைக்காதே. அன்றைக்குக் காலையில் குளியலறைக் கதவு திறந்திருந்தது, அவர் கீழே, ஒரு கால் வாளிக்கு அந்தப் பக்கம், கண் திறந்து இவளையே பார்த்தது. அடுப்பில் பால். பொங்கிவிடும் என்று போய் அணைத்துவிட்டு வந்தாள். அணைக்கத்தான் போனாள். அடுப்பு எட்டு அடி. எட்டு அடி போய் எட்டு அடி வர எவ்வளவு நேரம் ஆகும். எப்போது பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது ஆறு பத்து என்றாள். ஆறு பத்து என்பது அணைத்துவிட்டுத் திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தது. முதலில் பார்த்தது எப்போது. அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளா. நின்ற மாதிரியும் இருக்கிறது, நிற்காத மாதிரியும் இருக்கிறது, பால் மேலே எழுந்து ஏடு சுருங்கி அடங்கியது மட்டும் துல்லியமாக இருக்கிறது, ஒரு ஆள் நிற்காமல் அதையெல்லாம் பார்த்திருக்க முடியாது. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், உங்களால்தான் உயிர் பிழைத்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. பேச்சு வந்தால் அதைச் சொல்வாரோ.

பேச்சு அவருக்கு ஈரத்துணி மாதிரி வாயிலிருந்து விழுகிறது. முக்கால்வாசி சொற்களுக்குத் தலை இருக்காது. மங்கை என்பது மா. தண்ணி என்பது அண்ணி. அவளுக்கு மட்டும் புரியும், வருகிறவர்களுக்கு அவள்தான் மாற்றிச் சொல்வாள். இப்போது அவர் பென்சிலைப் போட்டுவிட்டார். அது உருண்டு மேசை விளிம்புக்கு வர, அவள் பிடித்தாள். இடது கையால் அட்டையை அவள் பக்கம் தள்ளினார்.

"ஈ போ" என்றார்.

"என்னங்க?"

"ஈ... போ..." அட்டையைத் தட்டினார். நீ போடு.

நான்கு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. "கை வலிக்குதா? கொஞ்சம் இருந்துட்டுப் போடுங்க. பெனிட்டா நீங்கதான் போடணும்னு சொல்லிருக்குல்ல" என்றாள். அவர் முகம் இறுகியது. சின்னப்பிள்ளை முகம் இல்லை அது, தலைமையாசிரியர் முகம்தான், மேசைக்குப் பின்னால் இருந்து பார்க்கிற முகம். அறிவியல் நோட்டில் இதயப் படம் அழகாக இருந்தால் யார் போட்டது என்று கேட்பார், அம்மா சார் என்று பிள்ளை சொன்னால், அப்ப அம்மாவை வந்து பரீட்சை எழுதச் சொல்லு என்று நோட்டை மூடிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொல்வார். அந்த ஆள்தான் அட்டையைத் தள்ளுகிறார். அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. போட்டுக்கொடுத்தால் இந்தக் கைக்கு இன்றைக்குப் பயிற்சி போய்விடும். நாளைக்கும் தள்ளுவார். ஒரு நாள் இரண்டு நாளாகும், இந்தக் கட்டைவிரல் வளைவதை மறக்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நீலப் பென்சிலை எடுத்தாள். ஸ்பாஞ்சையும் ரப்பர் பேண்டையும் கழற்றி மேசையில் வைத்தாள். பென்சில் மெல்லியதாக, ஆறு பட்டையாக, விரலுக்குள் வந்து பொருந்தியது.

மீன்கொத்திக்கு ஒரு நீலம் இல்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கம்பியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள், பறக்கும்போது ஒரு நீலம், உட்கார்ந்தால் ஒரு நீலம். முதுகுக்கு வெளிர்நீலத்தை மெல்லத் தடவி, அதன் மேல் பச்சையைத் தொட்டும் தொடாமலும் ஓட்டி, சிறகு நுனிக்குக் கருநீலம் வைத்தாள். தொண்டை வெள்ளை, அதை அப்படியே விட்டாள். தலைக்குச் செம்பழுப்பு, அதோடு கொஞ்சம் ஆரஞ்சு. அலகுக்குச் சிவப்பு. சிவப்பை எடுக்கும்போது விரல் ஒரு நொடி நின்றது, பிறகு எடுத்தது. பென்சில் தாளில் உரசுகிற சத்தம் அரிசி களைகிற சத்தம் மாதிரி இருந்தது, இல்லை, அதைவிடச் சின்னது, யாரோ பக்கத்து அறையில் தூங்குகிற மூச்சு மாதிரி. அவர் இழுத்துவைத்த பழுப்புக் கோடு குளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிடந்தது, அதை அழிக்க வழியில்லை, அதைச் சுற்றி நீரைப் போட்டாள், கோட்டைத் தண்ணீரில் மிதக்கிற ஒரு குச்சியாக்கினாள். பழுப்பு இலையைக் காய்ந்த இலையாக்கினாள். மற்ற இலைகளுக்கு மூன்று பச்சை. கிளையின் நிழல் தண்ணீரில் விழ வேண்டும் அல்லவா, அச்சில் அது இல்லை, அவளே வைத்தாள், பறவையின் நிழலையும் நெளித்து நெளித்து வைத்தாள். தெருவில் காய்கறி வண்டிக்காரன் மைக்கில் சொல்லிக்கொண்டே போனான். குக்கர் ஒன்று எங்கோ கூவியது. எதுவும் அவளைக் கூப்பிடவில்லை. கழுத்து வலித்தது, வலி யாருடையதோ மாதிரி தள்ளி நின்றது. பால் இல்லை, பதிவேடு இல்லை, பக்கத்தில் மனுஷன் இருக்கிறாரா என்றே இல்லை. பிறகு பார்வைக்குள் ஒரு விரல் வந்தது. இடது ஆள்காட்டி விரல். தண்ணீருக்குள் இருந்த நிழலின் மேல் வந்து நின்று, தட்டியது.

"இல்...ல" என்றார். படத்தில் இல்லாததைப் போட்டிருக்கிறாய். இரண்டாவது தடவை தட்டினார். "இல்ல."

அவள் நிமிரவில்லை. "வெயில் அடிச்சா நிழல் விழும்ல" என்றாள், தன் குரல் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று ஆச்சரியப்பட்டாள், நிழலை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டாள். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

கடிகாரம் மூன்று ஐம்பத்தெட்டு காட்டியது. அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பறவை இப்போது குதித்துவிடும் போலிருந்தது. முப்பத்தாறு நிமிஷம். முப்பத்தாறு நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள், வேறு பெயர் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை, அது தெரிந்ததும் கண்ணுக்குப் பின்னால் சூடாக ஒரு கோபம் ஏறியது. இவ்வளவுதானா. இதற்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் தவிர என்ன வேண்டியிருந்தது. யார் வீட்டு ஆஸ்தி கரைந்திருக்கும். முப்பத்தொன்பது வருஷத்து மத்தியானங்கள், வருஷத்துக்கு முந்நூற்றுச் சொச்சம், எல்லாம் எங்கே போயின, எந்தப் பாத்திரத்தைத் தேய்த்தபோது போயின. பழக்க தோஷத்தில் படத்தைப் போனில் எடுத்து பெனிட்டாவுக்கு அனுப்பினாள், குடும்பக் குழுவிலும் விழுந்தது. எடுக்கும்போதே நான் போட்டது என்று சேர்த்து எழுத வேண்டும் என்று நினைத்தாள். எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வீடியோ அழைப்பு வந்துவிட்டது.

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். பெனிட்டாவின் முகம் திரை நிறைய வந்தது, பின்னால் அவர்கள் கிளினிக்கின் பச்சைத் திரை.

"அம்மா, படம் வந்துச்சு. இது சார் போட்டதா?"

மங்கை வாயைத் திறந்தாள். இல்ல பெனிட்டா, நான் போட்டேன். ஆறு சொல் கூட இல்லை. அது வெளியே வரவில்லை, இத்தனை நாள் பக்கத்து வீட்டில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எங்கேயும் நான் என்று தொடங்கி அவள் எதையும் சொன்னதில்லை என்பது போல.

திருஞானம் முன்னால் சாய்ந்தார். "நான்" என்றார்.

தலை உள்ள சொல். நாக்கு மேலே தொட்டு இறங்கி மறுபடி தொட்டது.

பெனிட்டா திரைக்கு அருகே குனிந்தாள். "சார், என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"நான்" என்றார். "நான்தான்."

"அம்மா, கேட்டீங்களா? நாலு மாசமா அந்த எழுத்து வரல. எவ்வளவு சொல்லிக்கொடுத்தேன். கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"நான்தான்னு எவ்வளவு தெளிவா வருது பாருங்க." பெனிட்டா பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டாள், இன்னொரு முகம் வந்து எட்டிப் பார்த்து, சூப்பர் சார் என்றது. அவர் இன்னொரு முறை சொல்லிக் காட்டினார். "படமும் பாருங்களேன், கை எவ்வளவு வந்திருக்கு. நிழலெல்லாம் தானா யோசிச்சுப் போட்டிருக்காரு. அம்மா, அழாதீங்கம்மா."

"அழல" என்றாள் மங்கை. உண்மையிலேயே அழவில்லை.

"நாளைக்கு மயில் அனுப்பறேன். கஷ்டமான படம்தான், ஆனா சாருக்கு வந்துரும். நீங்க இன்னைக்கு மாதிரியே பக்கத்துல உட்காந்திருந்தா போதும்."

அழைப்பு முடிந்தது. குழுவில் கயலின் கைதட்டல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. அப்பா, நிழல்தான் கிளாஸ். சம்பந்தி வீட்டில் யாரோ, சார் கை வைத்த எதுவும் சோடை போகாது என்று எழுதியிருந்தார். மங்கை போனைக் கவிழ்த்து வைத்தாள். கழற்றிப் போட்ட ஸ்பாஞ்சை நீலப் பென்சிலில் சுற்றி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாக மாட்டினாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்களா போட்டீங்க?"

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் அந்த முகத்தில் திருட்டுத்தனத்தைத் தேடினாள், கொஞ்சம் வெட்கத்தையாவது தேடினாள், வாயின் ஓரத்தில், கண்ணில். இல்லை. தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்கிறாய் என்கிற லேசான சலிப்புதான் இருந்தது. சம்பளம் வாங்கி வீடு கட்டிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, எல்லாம் அவர் செய்ததுதான், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அவளே கூட ஊர்க்காரர்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், அவர்தான் எல்லாம் பண்ணினாரு என்று. அதோடு இது ஒரு மீன்கொத்தி. அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று தெரிந்திருக்கும்.

உள்ளே போய்த் தேநீர் போட்டாள். பொங்கி வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள், நேரமானதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆற்றி, டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறந்து காத்திருந்தார். அவள் டம்ளரை மடியிலேயே வைத்திருந்தாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு நான் இருக்க மாட்டேன்" என்றாள்.

அவர் புருவம் ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

"படத்தையும் பென்சிலையும் எடுத்து வெச்சுட்டுப் போறேன். தண்ணியும் கை எட்டற இடத்துல இருக்கும். நீங்களே போடுங்க. கை வரணும்ல. வரட்டும்."

"எ...ங்க?"

அவள் யோசித்தாள். கோயில் நாலரைக்குத்தான் திறக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், சாருக்கு எப்படி இருக்கு என்பார்கள், அதற்குப் பதில் சொல்லியே ஒரு மணி நேரம் போய்விடும். வாய்க்கால் கரையில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு, அதில் எந்நேரமும் யாராவது படுத்திருப்பார்கள். அறுபத்தொரு வயசுப் பொம்பளை மத்தியானம் மூன்று மணிக்குச் சும்மா போய் உட்கார இந்த ஊரில் எந்த இடம் இருக்கிறது என்று அவள் இதுவரை தெரிந்துவைத்துக்கொள்ளவில்லை.

"தெரியல" என்றாள். "போனாத்தான் தெரியும்."

"வெ...யில்" என்றார்.

"ஆமா. வெயில்தான்" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.